உப்பைப் பிரித்தெடுப்பதா, போடாமலே இருப்பதா? சாயத்தொட்டியில் தொடங்கும் பசுமை வேதியியல்

ஒரு கருநீல டி-ஷர்ட் சுமார் 150 கிராம் எடை இருக்கும். வழக்கமான முறையில் அந்தப் பருத்தித் துணிக்குச் சாயமேற்ற ஏறக்குறைய 100 கிராம் உப்பு செலவாகிறது. அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயத் தண்ணீரில் 80 கிராம் வரை உப்பு சேர்ப்பது சாயப்பட்டறைகளில் சாதாரணம். 1 கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 640 கிராம் உப்பு வருகிறது. துணியின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு! வெளிர் நிறங்களுக்கு இது வெகுவாகக் குறையும். தண்ணீரைக் குறைவாகப் பிடிக்கும் புதிய இயந்திரங்களிலும் குறையும். ஆனால் எந்த நிறமானாலும், எந்த இயந்திரமானாலும், போட்ட உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்குவதில்லை. அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது.

பசுமை வேதியியல் என்றதும் மரக்கன்று, மூலிகைச் சாயம், மக்கும் பை என்றெல்லாம் நினைவுக்கு வருவது இயல்பு. உண்மையில் அது இன்னும் கறாரான ஒரு துறை. ஒரு பொருளைச் செய்யும்போது கழிவு உண்டாகிறது என்றால், அந்தக் கழிவை எப்படிச் சுத்தம் செய்வது என்று அது முதலில் கேட்பதில்லை. அந்தக் கழிவு ஏன் உண்டாகிறது, உண்டாகாமலே அதே பொருளைச் செய்ய வழி இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் திருப்பூர்ச் சாயத்தையும் பாலாற்றங்கரைத் தோலையும் விடப் பொருத்தமான இடம் இல்லை. இரண்டிலும் நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு பெயர் தெரியாத கொடிய நஞ்சுக்கு இல்லை, உப்புக்குத்தான்.

நொய்யலின் கதையைப் பலர் அறிவார்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் இந்த ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறக்க வேண்டாம் என்று கீழே இருந்த விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீருக்காக ஏங்கும் ஊரில் இது எத்தனை பெரிய வேதனை! ஆயக்கட்டுக்காரர்கள் சங்கமாகத் திரண்டு வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றுக்குள் போகக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அதன் பிறகும் நிலைமை மாறாததால், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மொத்தமாக மூடும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒரே நேரத்தில் நின்றுபோயின.

இன்று திருப்பூரில் நடப்பது பூஜ்யக் கழிவு வெளியேற்றம். சாயத் தண்ணீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாயில் வருகிறது. நுண்ணுயிரிகள் அதிலுள்ள கரிமப் பொருள்களைத் தின்கின்றன. பிறகு ஆர்.ஓ. சவ்வுகள் வழியாக அழுத்தித் தள்ளப்பட்டு, 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் நல்ல நீராக ஆலைக்கே திரும்பிப் போகிறது. இது சாதாரணச் சாதனை இல்லை. உலகில் எத்தனையோ ஜவுளி நகரங்கள் இன்னும் ஆற்றில் கொட்டிக்கொண்டிருக்கும்போது, இத்தனை பெரிய தொழில் நகரம் தன் தண்ணீரைத் தானே திரும்பக் குடிக்கிறது.

அப்புறம் மிஞ்சுவது உப்பு.

கரிமப் பொருளை நுண்ணுயிரி தின்று கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். நிறத்தை ஓசோன் கொண்டு உடைக்கலாம். உலோகத்தை வீழ்படிவாக்கிப் பிடிக்கலாம். சோடியம் குளோரைடை என்ன செய்வது? அதை உடைத்து இல்லாமலாக்க முடியாது, எந்த உயிரிக்கும் அது உணவும் இல்லை. தண்ணீரிலிருந்து பிரிக்க மட்டும்தான் முடியும். அதற்கு ஆர்.ஓ.வில் தேங்கிய கெட்டியான கரைசலை ஆவியாக்க வேண்டும். 1 லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வந்த பிறகும், அதை முழுதாக ஆவியாக்க இன்னும் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் தேவை. பல அடுக்கு ஆவியாக்கிகள் வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி இந்தச் செலவைக் குறைக்கின்றன என்றாலும், எரிபொருள் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆற்றில் போகாத உப்பு, கொதிகலனின் புகையாக இன்னொரு கணக்கில் ஏறுகிறது.

கிடைக்கும் உப்பும் எல்லாம் ஒரே தரமாக இருப்பதில்லை. சாயப்பட்டறை சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தினால், கரைசலைக் குளிர்வித்தே அதைப் படிகமாக எடுத்துவிடலாம். சுமார் 32 டிகிரிக்குக் கீழே அதன் கரைதிறன் வேகமாகக் குறைந்துவிடும் என்பது இதில் கைகொடுக்கிறது. அப்படி எடுத்த உப்பும், சுத்தப்படுத்திய உப்புக் கரைசலும் மீண்டும் சாயத்தொட்டிக்கே போகின்றன. கடைசியில் எதற்கும் ஆகாத கலப்பு உப்பும் சேறும் மிஞ்சும். யாரும் வாங்காத அந்தக் கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் குவிகிறது. மழை படாமல் அதைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உப்பு நிலத்துக்கு என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். களிமண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்து, இடையில் காற்றும் நீரும் போக வழிவிட்டு வைத்திருப்பது பெரும்பாலும் கால்சியம். உப்பு நீர் தொடர்ந்து பாய்ந்தால் சோடியம் அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மண் துகள்கள் பிரிந்து, நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் ஆகிவிடும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. ஒரு தலைமுறை விவசாயம் அதோடு முடிந்தது. சமையலறையில் இருக்கும் பொருள்தானே என்ற எண்ணம் இங்கே ஏமாற்றிவிடுகிறது.

கழிவு என்பது வடிவமைப்பில் இருக்கும் பிழை

1990-ல் அமெரிக்கா மாசுத் தடுப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மாசை வெளியே வந்தபின் கட்டுப்படுத்துவதைவிட அது பிறக்குமிடத்திலேயே தடுப்பதுதான் முதல் கொள்கை என்று அது சொன்னது. அதைத் தொடர்ந்து அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் பால் அனஸ்தாஸ் என்ற வேதியியலாளர் இந்தத் துறைக்கு உருவம் கொடுத்தார். 1998-ல் அவரும் ஜான் வார்னரும் சேர்ந்து 12 கோட்பாடுகளை எழுதினார்கள். பன்னிரண்டையும் இங்கே வரிசையாகச் சொல்லப் போவதில்லை. முதல் கோட்பாடு மற்ற எல்லாவற்றுக்கும் தாய்: கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட உண்டாக்காமல் இருப்பதே மேல்.

இதை வெறும் நல்லெண்ணமாக விடாமல் எண்ணாக மாற்றியவர்கள் இரண்டு பேர். அமெரிக்காவின் பேரி டிராஸ்ட் 1991-ல் ஒரு கேள்வி கேட்டார். வினைக்குள் போகும் அணுக்களில் எத்தனை விழுக்காடு கடைசிப் பொருளில் போய்ச் சேர்கின்றன? இதற்கு அணுச் சிக்கனம் என்று பெயர். டச்சு நாட்டில் பணியாற்றிய ரோஜர் ஷெல்டன் இன்னும் நேரடியாகக் கேட்டார். 1 கிலோ பொருள் செய்ய எத்தனை கிலோ கழிவு? பெட்ரோலியச் சுத்திகரிப்பில் இது 0.1-க்கும் கீழே. மருந்துத் தொழிலிலோ 25 முதல் 100 கிலோ வரை, சில சமயம் அதற்கும் மேல் என்று அவர் கணக்குக் காட்டினார். அழுக்கான தொழில் என்று நாம் நினைப்பது ஒன்று, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அதிகம் வீணாக்குவது வேறொன்று.

தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் நாம் விழுங்கும் இபுபுரூஃபன் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனம் 1960-களில் வகுத்த பழைய முறையில் ஆறு படிகள். உள்ளே போன அணுக்களில் 40 விழுக்காடுதான் மாத்திரைக்குள் வந்து சேரும். முதல் படியில் அலுமினியம் குளோரைடு அளவுக்கு அளவு செலவாகி, வினை முடிந்ததும் உபயோகமில்லாத அலுமினியக் கழிவாகக் கொட்டப்படும். காப்புரிமைக் காலம் முடிந்து போட்டி வந்தபோது, பூட்ஸும் ஹெக்ஸ்ட் செலனீசும் சேர்ந்து புதிய வழியைக் கண்டன. ஆறு படி மூன்றானது. மூன்றிலும் வினையூக்கிகள். செலவாகித் தீராமல் திரும்பத் திரும்ப வேலை செய்வதுதான் வினையூக்கியின் குணம். அணுச் சிக்கனம் 77 விழுக்காடாக உயர்ந்தது. பக்கத்தில் பிறக்கும் அசிட்டிக் அமிலத்தையும் எடுத்து விற்றால் 99 விழுக்காடு. 1992-ல் டெக்சாஸ் மாநிலத்தின் பிஷப் நகரில் இந்த ஆலை ஓடத் தொடங்கியது. 1997-ல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தப் புதிய முறையில் வினையூக்கியாகவும் கரைப்பானாகவும் இருப்பது ஹைட்ரஜன் புளோரைடு. எலும்புவரை அரிக்கும் கொடிய பொருள். முழுவதையும் மூடிய அமைப்புக்குள்ளேயே மீட்டுச் சுழற்றுகிறார்கள், கழிவாக வெளியே விடுவதில்லை. ஆனால் ஆபத்து அங்கேயே இருக்கிறது. பசுமை என்பது ஒரு முத்திரை இல்லை. ஒன்றைக் குறைக்க இன்னொன்றை எவ்வளவு ஏற்றுக்கொள்கிறோம் என்ற இடைவிடாத கணக்கு அது.

ஆபத்து எவ்வளவு பெரிதாகலாம் என்பதை இந்தியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட், செவின் என்ற பூச்சிமருந்துக்கான இடைநிலைப் பொருள். நாஃப்தாலும் பாஸ்ஜீனும் மெத்தில் அமீனும்தான் மூலப்பொருள்கள். பாஸ்ஜீனையும் மெத்தில் அமீனையும் முதலில் சேர்த்தால் மெத்தில் ஐசோசயனேட் பிறக்கிறது. வரிசையை மாற்றி, பாஸ்ஜீனை முதலில் நாஃப்தாலோடு சேர்த்து, பிறகு மெத்தில் அமீனைச் சேர்த்தால் அதே பூச்சிமருந்து கிடைக்கும், மெத்தில் ஐசோசயனேட் எங்குமே உண்டாகாது. இந்த மாற்று வழி அப்போதே தொழிலுக்குத் தெரிந்ததுதான். பாஸ்ஜீனும் நஞ்சு என்பதால் அந்த வழியும் முழுக்கப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் டன் கணக்கில் தொட்டியில் தேங்கியிருந்த அந்தக் குறிப்பிட்ட திரவம் இருந்திருக்காது. ஒரு வினையின் வரிசை ஆயிரக்கணக்கான உயிர்களைத் தொடும் விஷயம் என்று வேதியியல் வகுப்புகளில் இன்னும் போதுமான அளவு சொல்லித் தருவதில்லை என்பது என் ஆதங்கம்.

சாயத்தொட்டிக்குள் நடப்பது

சரி, திருப்பூருக்குத் திரும்புவோம். உப்பு ஏன் போடுகிறார்கள்?

பனியன் துணிக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். 1956-ல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த வகை. இது துணியின் மேல் ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்பதில்லை, பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கிறது. துவைத்துத் துவைத்தும் நிறம் போகாததற்குக் காரணம் இதுதான்.

சிக்கல் என்னவென்றால், தண்ணீரில் நனைந்த பருத்தி இலேசான எதிர்மின் தன்மை பெறுகிறது. தண்ணீரில் கரைந்த சாய மூலக்கூறும் எதிர்மின் தன்மை கொண்டது. ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து இந்தத் தள்ளலை மறைக்கும், சாயமும் தண்ணீரை விட்டு இழைக்குள் ஏறும். உப்பின் வேலை அவ்வளவுதான். இரண்டு பேர் முகம் பார்க்காமல் இருக்க நடுவில் நிற்கும் ஆள் மாதிரி. வேலை முடிந்ததும் அதற்கு அங்கே இடமில்லை.

அடுத்து சோடா உப்பு, அதாவது சோடியம் கார்பனேட், சேர்க்கிறார்கள். காரத்தன்மை ஏறி, பி.எச். 11 வாக்கில் வந்ததும், 60 டிகிரி சூட்டில் சாயம் இழையோடு பிணைகிறது. அந்த நேரத்தில் தண்ணீரும் போட்டிக்கு வருகிறது. சாய மூலக்கூறுகளில் ஒரு பங்கு பருத்தியோடு பிணையாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். வீணான சாயம் இனி இழையோடு சேரவே சேராது. ஆனால் துணியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அப்படியே விட்டால் வீட்டில் துவைக்கும்போது சாயம் போகும். அதனால் அலசு, சூட்டில் சோப்புப் போடு, மறுபடி அலசு என்று தண்ணீர் தண்ணீராக ஓட வேண்டியிருக்கிறது. வழக்கமான சாயங்களில் இழையோடு பிணைவது 60 முதல் 80 விழுக்காடுதான். காசு கொடுத்து வாங்கிய சாயத்தில் ஐந்தில் ஒரு பங்காவது சாக்கடைக்குப் போகிறது.

இந்த இடத்தில்தான் பசுமை வேதியியல் உள்ளே வருகிறது. ஒரே ஒரு மாயத் தீர்வாக இல்லை, ஒவ்வொரு கட்டத்திலும் சிறு சிறு மாற்றங்களாக.

சாயத்தையே மாற்றலாம். ஒரு மூலக்கூறில் ஒரு பிணைப்புக் கைக்குப் பதில் இரண்டு வைத்தால், ஒன்று தண்ணீரிடம் தோற்றாலும் மற்றொன்று இழையைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட சாயங்களில் பிணைப்பு 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது, உப்பும் குறைவாகப் போதும். திருப்பூரில் இவை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் அலசும் தண்ணீரையும் சுத்திகரிப்புக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறும்.

முறையையே மாற்றலாம். கோல்டு பேட் பேட்ச் என்று ஒரு முறை இருக்கிறது. துணியைச் சாயமும் காரமும் கலந்த கரைசலில் முக்கி, உருளைகளுக்கு இடையே பிழிந்து, சுருட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி, சாதாரண அறைச் சூட்டில் இரவு முழுக்கச் சுழலவிட்டால் போதும். சாயம் தானாகப் பிணைந்துவிடும். தண்ணீர் மிகக் குறைவு என்பதால் சாயம் இழைக்கு அருகிலேயே இருக்கிறது, அதை உள்ளே தள்ள உப்பே வேண்டாம். கொதிகலனும் அந்தக் கட்டத்தில் வேண்டாம். ஆனால் இது நெய்த துணிக்குப் பழகிய முறை. பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும், விளிம்பு சுருண்டுகொள்ளும், மடிப்புக் கோடு விழும். அதைச் சமாளிக்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன, ஆனால் முதலீடு பெரிது. அதோடு, ஒரே நிறத்தில் நிறையத் துணி ஓடினால்தான் இந்த முறை கட்டுப்படியாகும்.

பருத்தியையே மாற்றலாம் என்பது மூன்றாவது வழி. சாயமேற்றும் முன் இழைக்கு நேர்மின் தன்மை கொடுத்துவிட்டால், சாயம் தானே ஓடிவந்து ஒட்டும். உப்பு அறவே வேண்டாம், சாயமும் ஏறக்குறைய முழுதாகப் பிடிக்கும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த நேர்மின் தன்மையைக் கொடுக்கப் பரவலாகப் பயன்படும் பொருள், வினையின்போது எபாக்சைடாக மாறித்தான் இழையோடு சேர்கிறது. எபாக்சைடு உயிரணுக்களோடும் வினைபுரியக்கூடியது, கையாளும் தொழிலாளிக்கு ஆபத்து. நொய்யலைக் காக்கும் மாற்றம் ஆலைக்குள் நிற்பவரின் உடம்பில் ஏறினால் அதைப் பசுமை என்று நான் சொல்லமாட்டேன். பாதுகாப்பான மாற்றுப் பொருள்களைத் தேடும் ஆராய்ச்சிதான் இதில் முக்கியமான வேலை.

தண்ணீரே இல்லாமல் சாயமேற்றும் முறையைப் பற்றி அடிக்கடி செய்தி வரும். 31 டிகிரிக்கும் சுமார் 73 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் கரியமில வாயு, வாயுவும் இல்லாத திரவமும் இல்லாத ஒரு நிலைக்கு வந்து, சில சாயங்களைக் கரைத்துக்கொள்ளும். நெதர்லாந்தின் டைகூ நிறுவனம் இதைத் தொழிலாகவே கொண்டுவந்தது. அழுத்தத்தை விட்டால் வாயு பிரிந்துபோகும், துணி உலர்ந்தே வெளியே வரும். ஆனால் அது பாலியஸ்டருக்கு. பருத்திக்கான ரியாக்டிவ் சாயங்கள் அதில் கரையாது. எனவே திருப்பூரின் பருத்திக்கு இதை இன்றைய தீர்வாகக் காட்டுவது பொருத்தமில்லை.

சத்தமில்லாமல் ஜெயித்த மாற்றம் ஒன்று உண்டு. சாயமேற்றும் முன் துணியை ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுக்கிறார்கள். துணியில் கொஞ்சம் பெராக்சைடு மிஞ்சினாலும் பின்னால் வரும் சாயத்தைக் கெடுத்துவிடும், ஷேடு தவறிவிடும். முன்பெல்லாம் அதைப் போக்க இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுவார்கள். இப்போது பெராக்சைடு கில்லர் என்று பட்டறையில் சொல்லப்படும் கேட்டலேஸ் என்சைமைச் சிறிது சேர்க்கிறார்கள். நம் இரத்தத்திலும் ஈரலிலும் இருக்கும் அதே வகை என்சைம். சில நிமிடங்களில் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். அதே தொட்டித் தண்ணீரில் சாயத்தைத் தொடங்கலாம். தண்ணீர், நேரம், சூடு மூன்றும் மிச்சம். இதைச் செய்யச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை. லாபம் கண்ணில் தெரிந்தது, பரவிவிட்டது.

பாலாற்றங்கரையில்

தோல் தொழிலிலும் உப்புதான் முதல் வில்லன், தோலைப் பதனிடச் சேர்க்கும் குரோமியம் அதற்கு அடுத்தது. உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். நம் வெயிலில், பல சந்தைகளிலிருந்து சேர்ந்து, நாள்கணக்கில் பயணம் செய்து ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் வந்து சேர வேண்டும். அதனால் தோலின் எடையில் 40 விழுக்காடு அளவுக்கு உப்பைத் தடவி அடுக்குகிறார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை, ஊறவைத்து அந்த உப்பைக் கழுவிவிடுவது. மேலே ஒட்டியிருக்கும் உப்பை ஊறவைக்கும் முன்பே தட்டி உதிர்த்தாலே கணிசமான அளவு தண்ணீருக்குள் போகாமல் தப்பும். இதற்குப் பெரிய வேதியியல்கூடத் தேவையில்லை, மரச்சட்டத்தில் அடித்து உதறினால் போதும்.

பிறகு பிக்கிள். தோலைக் குரோமியம் உள்ளே நுழையும் நிலைக்குக் கொண்டுவர அமிலத்தில் போடுகிறார்கள். வெறும் அமிலம் பட்டால் தோல் உப்பிவிடும் என்பதால் மறுபடி உப்பு. குரோமியம் உள்ளே போனபின் அதை நிலைநிறுத்தக் காரம். அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன வரும்? இன்னும் கொஞ்சம் உப்பு. இவ்வளவு செய்தும் போட்ட குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் தங்குகிறது. மீதி கழிவுநீருக்கும், அங்கிருந்து சேற்றுக்கும் போகிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல். கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக ஏற்ற தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதை அது பதிவு செய்திருக்கிறது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன, சேறு குவிந்தது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். குழாயின் கடைசியில் கழிவைப் பிடித்து வைப்பது ஒன்றே தீர்வாக இருந்தால், பிடித்ததை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த நீரில்லாக் குரோம் பதனிடுதல் இந்த இடத்தில்தான் முக்கியத்துவம் பெறுகிறது. பிக்கிளும் கிடையாது, கடைசியில் காரம் சேர்ப்பதும் கிடையாது, பதனிடும் கட்டத்தில் தனியாகத் தண்ணீரும் கிடையாது. குரோமியத் தேவை 15 முதல் 20 விழுக்காடு குறைகிறது. மூன்று தவறுகளைத் திருத்த மூன்று கருவிகள் சேர்க்காமல், தவறு நடக்கும் படிகளையே நீக்கிவிட்டார்கள். மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடுக்குப் பதிலாக என்சைம்களைக் கொண்டுவரும் வேலையும் இதே திசையில் நடக்கிறது. சல்பைடு கலந்த கழிவில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் மூச்சு முட்டி இறந்த செய்திகளின் பின்னால் பலமுறை இருந்தது அந்த வாயுதான்.

பழைய ஆவாரம்பட்டைக்கும் கடுக்காய்க்கும் திரும்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தாவரப் பதனிடுதல் நல்ல தொழில், அதற்கென்று சந்தையும் இருக்கிறது. ஆனால் அதன் கழிவுநீரும் கருஞ்சிவப்பாக, நுண்ணுயிரிகள் எளிதில் செரிக்காத டானினோடு வருகிறது. குரோம் தோல் தாங்கும் கொதிச்சூட்டை அந்தத் தோல் தாங்காது. இயற்கையிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பசுமையாகிவிடாது. அதையும் கிலோவுக்குக் கிலோ அளந்துதான் பார்க்க வேண்டும்.

மாற்றம் எங்கே தங்கிப்போகிறது

வழி தெரிந்தும் ஏன் எல்லாரும் மாறவில்லை? சாய ஆலைக்காரரின் பேராசை என்று ஒரு வரியில் முடித்துவிடுவது நியாயமில்லை. பெரும்பாலான ஆலைகள் ஜாப் ஒர்க் செய்பவை. துணி வேறொருவருடையது, நிறம் வெளிநாட்டு வாங்குபவர் ஒப்புதல் தந்த மாதிரித் துண்டில் இருக்கிறது. புதிய சாயம், புதிய முறை என்று இறங்கி ஷேடு ஒரு இம்மி தவறினால் மறுபடி சாயமேற்ற வேண்டும். அப்போது உப்பும் தண்ணீரும் இரட்டிப்பு, நஷ்டம் முழுதும் அவர் தலையில். முதல் தடவையே சரியாக வருவதுதான் அவருடைய பிழைப்பு. ஆர்டர்கள் இருநூறு கிலோ, முந்நூறு கிலோ என்று பல நிறங்களில் உடைந்து வரும்போது கோல்டு பேட் பேட்ச் போன்ற முறையை அவர் எப்படி ஓட்டுவார்?

இன்னொரு காரணம் விதிகளின் அமைப்பில் இருக்கிறது. நம் விதிகள் பெரும்பாலும் வெளியேறும் தண்ணீரைப் பற்றியவை. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. குழாயின் கடைசியில் அளக்கும் விதி, குழாயின் கடைசியில் வைக்கும் இயந்திரத்தைத்தான் வரவழைக்கும். வந்ததும் அதுதான்.

எதிர்ப்பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1989-ல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நம்மவர்கள் பயன்படுத்திய பொருள் அது. 1994-ல் புற்றுநோய் உண்டாக்கும் அமைன்களை வெளியிடக்கூடிய அசோ சாயங்களுக்கும் அங்கே தடை வந்தது. ஏற்றுமதியாளர்கள் தவித்துப்போனார்கள், ஆனால் சில ஆண்டுகளிலேயே மாற்றுப் பொருள்களுக்கு மாறினார்கள். பின்னர் இந்திய அரசும் அந்தச் சாயங்களைத் தடை செய்தது. 2011-ல் பெரிய பிராண்டுகள் சேர்ந்து, உற்பத்தியில் சேர்க்கவே கூடாத வேதிப்பொருள்களுக்குப் பட்டியல் போடும் கூட்டமைப்பையும் தொடங்கின. இந்தப் பொருள் உள்ளேயே வரக் கூடாது என்று சொன்னபோது தொழில் அதன் முன்வாசலிலேயே மாறியது.

அந்தத் தடைப் பட்டியல்களில் உப்புக்கு இடமில்லை. சட்டையில் அசோ சாயம் இருந்தால் பெர்லினில் அணிபவரின் தோலைத் தொடும். உப்போ சட்டையோடு கப்பல் ஏறுவதில்லை, இங்கேயே தங்கிவிடுகிறது. அணிபவருக்குக் கெடுதல் இல்லாத பொருளை வாங்குபவர் ஏன் தடுக்கப் போகிறார்? அதனால் இந்தக் கேள்வியை நாம்தான் எழுப்ப வேண்டும். 1 கிலோ துணிக்கு எத்தனை கிராம் உப்பு என்பதை ஆலைக்கான இசைவாணையிலும், வாங்குபவரின் கொள்முதல் ஒப்பந்தத்திலும் ஒரு எண்ணாகவே எழுதலாம். ஆண்டுக்கு ஆண்டு அந்த எண் இறங்க வேண்டும் என்று கேட்கலாம். குறைந்த உப்பில் சாயமேற்றும் ஆலைக்குச் சுத்திகரிப்புக் கட்டணத்தில் சலுகை கொடுத்தால், இரண்டு கைச் சாயத்தின் கூடுதல் விலை அங்கேயே ஈடாகிவிடும். அலசலுக்கு ஆன செலவைப் பார்த்துத்தானே பெராக்சைடு கில்லருக்கு எல்லாரும் மாறினார்கள்? அளப்பதற்குப் புதிய கருவியும் தேவையில்லை. மாதம் எத்தனை மூட்டை உப்பு வாங்கினோம், எத்தனை கிலோ துணிக்குச் சாயமேற்றினோம் என்ற இரண்டு கணக்கும் ஒவ்வொரு ஆலையின் பில் புத்தகத்திலும் ஏற்கெனவே இருக்கின்றன.